ஒரு நூல் வெளியே

வாசலைத் தேடித்தான் பிரசாந்தி அந்த வீட்டை இடப்பக்கமாகச் சுற்றினாள். அதே வாசலைத் தேடித்தான் அவனும் வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். கார்த்திகை மாதத்து மழை துறைமுகத்தையே மறைத்துக்கொண்டு கொட்டியது. குடை எடுக்க மறந்தவள் தலையைக் குனிந்துகொண்டு ஓட, குடையே வைத்திராதவன் எதிரே ஓடி வர… பின்மூலையில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், இரண்டு நெற்றிகளும் நன்றாகவே முட்டிக்கொண்டன.

அவளுடைய ஃபைல் சேற்றில் விழுந்தது. அவனுடைய அளவு நாடா உருண்டுபோய் வாய்க்காலில் விழுந்தது.

"கண் தெரியாதோ உங்களுக்கு?" என்றாள், நெற்றியைத் தடவிக்கொண்டு.

"கண் தெரியுது. வாசல்தான் தெரியேல்ல," என்றான் அவன்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருவன் வந்து இடித்துவிட்டுச் சொல்கிற பகிடிக்கெல்லாம் சிரித்தால் நன்றாகவா இருக்கும்?

அவன் சொன்னதிலும் பிழையில்லை. உட்துறைமுக வீதியில் இருந்த அந்தப் பழைய வீட்டுக்கு அன்றைக்கு வாசலே இல்லை. முன்பக்கத்து நிலையைக் கறையான் தின்று முடித்திருந்தது. அதைக் கழற்றி எடுத்துவிட்டு, புதிய நிலை வைக்கும்வரை தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். நகரத் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று மழைக்கு ஒதுங்கி அந்தத் தகரத்தோடு ஒட்டி நின்று, தெருவில் போகிற மனிதர்களை எப்போதும் பார்ப்பதுபோல அலுப்போடு இவர்களையும் பார்த்தது.

அவன் தோள்பையைச் சுற்றியிருந்த பொலித்தீனை அவிழ்த்தான். குனிந்து அவளுடைய ஃபைலை எடுத்துக் கொடுத்தான். பிறகு எதுவும் கேட்காமல் அந்தப் பொலித்தீனை இருவர் தலைக்கும் மேலாகப் பிடித்தான். பிரசாந்தி நிமிர்ந்து பார்த்தாள். இமைகளில் மழைத்துளி… கருவிழிக்குள் ஒரு குறும்பு… இவ்வளவு பக்கத்தில் ஒரு முகத்தை அவள் பார்த்ததே இல்லை. உடனே கண்ணைத் தாழ்த்தினாள். தாழ்த்திய கண் அவனுடைய சட்டைப் பொத்தானில் போய் நின்றது. அங்கேயும் நிற்க முடியாமல் மானைப் பார்த்தது.

உள்ளே இருந்து யாரோ ஒரு தகரத்தை விலக்கினார்கள். வீட்டுக்காரி சிவபாக்கியம் அன்ரியின் தலை தெரிந்தது. ஒரே பொலித்தீனுக்குக் கீழே தோளோடு தோள் ஒட்டி நின்ற இருவரையும் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்கவேண்டும்.

"வந்திட்டியளே… வாங்கோ, கெதியா வாங்கோ. நேரம் போகுது," என்று இரண்டு கைகளாலும் இருவரையும் உள்ளே இழுத்தார்.

இழுத்த இழுப்புக்குப் போனார்கள். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

பிரசாந்தி அந்த வீட்டுக்கு வந்தது வேறு வேலையாக. துறைமுகப் பகுதியின் பழைய கட்டடங்களைப் பற்றி ஒரு புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குச் சுவர்களை அளந்து படம் வரைவது அவள் வேலை. கூடவே, கட்டடச் சொற்களுக்குப் பொருள் எழுதுகிற வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது. நாற்பது சொல்வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. நாற்பத்தொன்றாவது சொல் 'வாசல்'. கொழும்பில் இருந்த பதிப்பாசிரியர் ஒரே ஒரு வரி கேட்டிருந்தார். பிரசாந்தியிடமோ அதற்கு எட்டுப் பொருள் இருந்தது. எட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. கோட்டைக்காரனுக்கு வாசல் என்றால் மதிலில் விட்ட வழி. கோயிலில் அதற்கு மேலே கோபுரம் வேண்டும். பள்ளிவாசலில் முழுக் கட்டடமுமே வாசல். தோப்பூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் வீட்டுக்கு முன்னால் கூட்டிப் பெருக்கிய வெறும் மணலைக் காட்டி, இதுதான் வாசல் என்றார். மூதூர் வள்ளக்காரர் ஒருவர், கடல் துறைமுகத்துக்குள் நுழைகிற இடத்தைக் கை நீட்டிக் காட்டினார். எட்டையும் எழுதி எழுதி அடித்து, அவளுக்குத் தலை சுற்றிப்போயிருந்தது. கழற்றிய பழைய நிலையை விறகாக்குவதற்கு முன்னால் அளந்துகொள்ளலாம் என்றுதான் சாம்பல்தீவிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள்.

ஆனால் சிவபாக்கியம் அன்ரி அளக்க விடவில்லை. ஈரத் தலையைத் துடைக்கக்கூட விடவில்லை. புதிய நிலைக்கு ஒரு பக்கத்தில் அவளையும் மறுபக்கத்தில் அவனையும் நிறுத்தினார். மஞ்சளும் குங்குமமும் பூசிய முதிரை மரம். மேலே மாவிலை. ஒரு மூலையில் நவதானியம் முடிந்த மஞ்சள் துணி. பஸ்லான் மேசன் தூக்குக்குண்டோடு தயாராக நின்றார். கனடாவில் இருக்கும் அன்ரியின் மகள் தேனுகா கைப்பேசித் திரைக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் ரெண்டு கையாலயும் பிடியுங்கோ. நேரம் முடியுமட்டும் விடக்கூடாது," என்றார் அன்ரி.

பிரசாந்தியின் கை மரத்தில் பட்டது. அந்தக் கணமே அவளுக்கு விளங்கிவிட்டது.

அக்காவின் வீட்டுக்கு நிலை வைத்தபோது அவள் பக்கத்தில் நின்று பார்த்தவள். அக்கா ஒரு பக்கம், அத்தான் ஒரு பக்கம். தலைவாசல் நிலையைத் தம்பதிதான் பிடிக்கவேண்டும். வேறு யாரும் கை வைக்கமாட்டார்கள். வீட்டுக்காரி கணவனை இழந்தவர் என்றால், உரித்துள்ள ஒரு சோடியைக் கூப்பிட்டுப் பிடிக்க வைப்பார்கள். அப்படியென்றால், இந்த அன்ரி தங்களை யாரோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்…

சொல்ல வாயைத் திறந்தாள். அன்ரி கண்களை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. பிரசாந்தி வாயை மூடினாள்.

எதிரே நின்றவன் மெல்லக் கேட்டான். "நீங்கள் இந்த வீட்டுப் பிள்ளையோ?"

"இல்லை. நீங்கள்?"

"நான் கதவு அளக்க வந்தனான். சிறில் மாமாட பட்டறை. அவருக்குக் காய்ச்சல். இது என்ன நடக்குது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் கையை எடுத்திருப்பான், அன்ரி பதறியிருப்பார், எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். நல்ல புத்தியுள்ள பெண் அதைத்தான் செய்வாள். பிரசாந்தி நல்ல புத்தியுள்ள பெண் என்றுதான் இருபத்தாறு வருடமாக எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பேசாமப் பிடியுங்கோ," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? அவளுக்கே தெரியவில்லை. அன்ரியின் கண்ணீருக்காகவா? நேரம் போகிறதே என்றா? நிலைச்சட்டத்துக்குள் எதிரும் புதிருமாக நிற்கிறபோது ஒரு கைநீளத்தில் அந்தக் கண்கள் இருந்ததாலா? ஒன்றும் பிடிபடாமல், மரத்தை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு என்னவோ தூக்குக்குண்டு நிற்கவே இல்லை. பஸ்லான் மேசன் நூலை விடுவார், குண்டு ஆடி ஆடி ஓயும், சரி என்று ஆப்பு அடிக்கக் குனிவார். நிமிர்ந்து பார்த்தால் மறுபடியும் விலகியிருக்கும். "ஒரு நூல் வெளிய," என்பார், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைக் கணக்கிட்டு. திரும்பவும் விடுவார். திரும்பவும் ஒரு நூல் வெளியே. ஒவ்வொரு தடவையும் அவன் பக்கம்தான் வெளியே போனது. துறைமுகப் பக்கத்துக் காற்றைத் திட்டிக்கொண்டே மேசன் ஆறாவது தடவையும் நூல் விட்டார். ஒன்பது பன்னிரண்டுக்குத் தொடங்கிய சுபநேரம் ஒன்பது முப்பத்தாறு வரைக்கும் முழுதாகப் போனது. இருபத்துநான்கு நிமிடம்… அவளுடைய கை மரத்துப்போனது. மழை தகரத்தில் தாளம் போட்டது. அவன் இரண்டு தடவை சிரித்தான், ஒரு தடவை இமையில் நின்ற துளியைத் தோளில் துடைத்தான். அதையெல்லாம் அவள் எண்ணிக்கொண்டு நிற்கவில்லை. கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

கடைசியில் ஆப்பு இறுகியது. கையை எடுத்தார்கள். அன்ரி இருவருக்கும் பொங்கல் போட்டுக் கொடுத்துவிட்டு, மகளோடு கதைக்கக் குசினிப் பக்கம் போனார்.

பொங்கல் சாப்பிடும்போதுதான் அவன் பெயர் றெக்சன் என்று தெரிந்தது. பழைய நிலையை அளக்க அவன் நாடாவின் மறுமுனையைப் பிடித்தான். வாய்க்காலில் குளித்து வந்த நாடா. அவளுடைய சொற்பட்டியலைப் பார்த்துவிட்டு, இதிலே இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டான். அவளுக்குக் கோபம் வந்தது. சுவரில் இருக்கிற திறப்பு வாசலா, அதில் வைக்கிற நிலை வாசலா, கதவா, படியா, படிக்கு முன்னால் இருக்கிற மணலா என்று அடுக்கிக்கொண்டு போனாள். சற்று முன்புவரைக்கும் இங்கே வெறும் ஓட்டைதான் இருந்தது, அதை வாசல் என்பீர்களா என்று மடக்கினாள்.

"ஓட்டையால பூனை வரும். வாசலால ஆரும் கூப்பிட்டாத்தான் வரலாம்," என்றான் அவன், பொங்கலில் இருந்த முந்திரிகையைத் தேடிக்கொண்டே.

இந்தப் பதிலைப் புத்தகத்தில் போட முடியாது. ஆனாலும் ஒன்பதாவது பொருளாக எழுதிக்கொண்டாள்.

அந்தச் சந்தோசம் பத்தரை மணி வரைக்கும்தான் இருந்தது. பத்தரைக்கு முழங்கால்வரை நனைந்த ஒரு சோடி வந்து தகரத்தைத் தட்டியது. விதுசனும் அவனுடைய புதுமனைவி கீர்த்தனியும். வெருகல் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுபோய், கைப்பேசிகளும் நனைந்து செத்துப்போய், ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தார்கள்.

சிவபாக்கியம் அன்ரி அவர்களைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். நிலையைப் பார்த்தார். அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். அன்ரிக்கும் வெருகலில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பதினைந்து வருடமாகக் கதைபேச்சு இல்லை. அந்தக் கோபத்தை மறந்து, "என்ர மகனும் மருமகளும் வந்து உன்ர நிலையைப் பிடிப்பினம்" என்று அண்ணன் முதல்தடவையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். விதுசனை அன்ரி கடைசியாகப் பார்த்தபோது அவன் பத்து வயதுப் பொடியன். புதுமருமகளைப் பார்த்ததே இல்லை. ஒரே பொலித்தீனுக்குள் ஒட்டிக்கொண்டு ஒரு சோடி வந்தால் வேறு என்ன நினைப்பார்?

நினைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தேனுகா கனடாவிலிருந்து படத்தை எடுத்து, 'எங்கட வீட்டு நிலை வைப்பு, மச்சானும் மச்சாளும்' என்று ஊருக்கே அனுப்பிவிட்டிருந்தாள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். பிள்ளைகள் தண்ணீருக்குள் நடந்து வர, ஆரோ தெருவால் போனதுகளைப் பிடித்து நிலை வைத்தாளா என்று கேட்டு ஃபோனை வைத்தார். படம் சாம்பல்தீவுக்குப் போய்ச் சேரவும் அதிக நேரம் எடுக்கவில்லை.

பிரசாந்தியின் கைப்பேசி அடித்தது. அப்பா.

கதிரவேலர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "ஆர் அந்தப் பெடியன்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் பிரசாந்தி விறாந்தைப் பக்கம் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னாள்.

"தெரியாமத்தான் பிடிச்சனான் அப்பா. அது ஆரோ கதவுக்காரன். ஆரெண்டே எனக்குத் தெரியாது. கண்ட ஆக்களோட நான் ஏன் நிக்கப்போறன்?"

திரும்பினாள். றெக்சன் பின்னால் நின்றிருந்தான். அவள் மறந்து வைத்துவிட்டு வந்த பேனாவைக் கொடுக்க வந்திருந்தான். பேனாவைச் சுவர்க்கட்டில் வைத்தான். கண்ணில் இருந்த குறும்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"கதவுக்காரன் போட்டு வாறன் மிஸ்," என்றான்.

மழை விட்டிருந்தது. அவன் போன தெருவில் மான் மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் பிரசாந்திக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நாற்பத்தொன்றாவது சொல்லைத் திறப்பாள். 'வாசல்: சுவரில் மனிதர் நுழைந்து வெளியேற விடப்பட்ட திறப்பு' என்று எழுதுவாள். எழுதியதைப் பார்த்தால் பொய்போலத் தெரியும். அழிப்பாள். அப்பாவிடம் சொன்னதும் அப்படித்தான்… ஆரெண்டே தெரியாது என்றாளே, அதில் பாதி உண்மை. அவனுடைய ஊர் தெரியாது, வயது தெரியாது. ஆனால் முந்திரிகையைத் தேடித் தின்பவன் என்று தெரியும். சிரித்தால் இடது கன்னம் மட்டும் குழியும் என்று தெரியும். தெரியாமல் பிடித்தேன் என்றாளே, அதில் பாதிகூட உண்மை இல்லை.

அவள் வெட்கப்பட்டாள். கோபப்பட்டாள். யார்மேல் என்றுதான் விளங்கவில்லை. ஒரு நாள் அவன்மேல், ஒரு நாள் தன்மேல், மழை பெய்த நாட்களில் மழைமேல். அவனைப் பார்க்கவேண்டும் என்றும் இருந்தது, பார்த்துவிடக்கூடாது என்றும் இருந்தது. இது என்ன வியாதி என்று கேட்க அக்காவுக்கு ஃபோன் எடுத்துவிட்டு, மரவள்ளிக் கறிக்குத் தேங்காய்ப்பால் எப்போது விடுவது என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

ஆறாம் நாள் துணிந்து சிறில் மாமாவின் பட்டறைக்குப் போனாள். துறைமுகத்துக்குப் போகும் வீதியில், சீவல்தூள் மணக்கும் நீளமான கொட்டில். கதவுச் சொற்களைச் சரிபார்க்கவேண்டும் என்று ஒரு சாட்டு வைத்திருந்தாள். காய்ச்சல் மாறி உட்கார்ந்திருந்த சிறில் மாமா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, படத்தில் நல்ல வடிவாக விழுந்திருக்கிறீர்கள் பிள்ளை என்றார். அவள் முகம் சூடேறியது. றெக்சன் சீவுளியை நிறுத்தவே இல்லை. கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னான். 'ஓம் மிஸ்', 'இல்லை மிஸ்', 'அது பிணைச்சல் மிஸ்'. ஒவ்வொரு 'மிஸ்'ஸும் ஒவ்வோர் ஆணி.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். கேட்க வாய் வரவில்லை. கோபமாவது படலாமே, திட்டலாமே… இப்படி மரியாதை கொடுத்தே ஒருவனால் ஒருத்தியை அழவைக்க முடியுமா? முடிந்தது. வெளியே வந்து, பஸ் தரிப்பிடத்தில் மழை இல்லாத நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் சிவபாக்கியம் அன்ரி ஃபோன் எடுத்தார். அழுதபடிதான் கதைத்தார். வைத்த நிலையைக் கழற்றி, விதுசனும் கீர்த்தனியும் பிடிக்கத் திரும்ப வைக்கவேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். வைத்த தலைவாசல் நிலையைக் கழற்றுவது வீட்டுக்கு நல்லதில்லை என்று அன்ரிக்குப் பயம். கழற்றாவிட்டால் அண்ணன் இனி இந்தப் படி மிதிக்கமாட்டார். வெள்ளிக்கிழமை விட்டால் மார்கழி பிறந்துவிடும், பிறகு தைமாதம் வரைக்கும் நாளே இல்லை. சாத்திரியாரிடம் கேட்டதற்கு அவர் ஒரு வழி சொல்லியிருந்தார். முதலில் பிடித்த இருவரும் வரவேண்டும். அதே இடத்தில் நின்று, அதேமாதிரி நிலையில் கை வைத்து, 'தெரியாமல் பிடித்தோம், விட்டுவிடுகிறோம்' என்று வாயால் சொல்லிக் கையை எடுக்கவேண்டும். அதற்குப் பிறகு கழற்றினால் தோசம் இல்லை.

வருவதாகச் சொன்னாள். வேறு என்ன சொல்வாள்?

வெள்ளிக்கிழமை வெயில் எறித்தது. மழையில் கழுவிய துறைமுகம் நீலமாகக் கிடந்தது. பிரசாந்தி போனபோது எல்லோரும் வந்திருந்தார்கள். விதுசனும் கீர்த்தனியும் புது உடுப்போடு ஒரு பக்கம் நின்றார்கள். கீர்த்தனியின் முகத்தில் சந்தோசமே இல்லை. இன்னொருவர் வைத்ததைப் பிடுங்கிவிட்டு வைக்கிற நிலை தனக்கு வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாளாம். பஸ்லான் மேசன் நிலையைப் பெயர்க்கும் அலவாங்கைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார். அன்றைக்கு இவ்வளவு பாடுபட்டு நிறுத்தியதைப் பிடுங்கச் சொல்கிறார்களே என்று அவருக்குப் பெரிய வயிற்றெரிச்சல்.

றெக்சன் கடைசியாக வந்தான். வெள்ளைச் சட்டை. அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான்.

நிலையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். கை வைத்தார்கள். குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதே கைநீளம். இன்றைக்கு அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலாக, தெருவுக்கு அப்பால் தெரிந்த கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல பிள்ளை சொல்லம்மா," என்றார் அன்ரி. "தெரியாமப் பிடிச்சனான், விடுறன் எண்டு. பொய் கலக்காமச் சொல்லவேணுமாம்."

பிரசாந்தி வாயைத் திறந்தாள்.

எத்தனை சின்ன வசனம்… அப்பாவிடம் ஒருமுறை சொன்னதுதானே. இன்னொரு தடவை சொல்லிவிட்டால் முடிந்தது. அன்ரியின் வீடு தப்பும். அண்ணனும் தங்கையும் கதைப்பார்கள். அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போகலாம். அவன் யாருக்கோ எங்கேயோ கதவு செய்வான். கையை எடுத்துவிட்டால் எல்லாம் சரி.

கை எழும்பவில்லை. மரத்தோடு மரமாக இருந்தது.

"சொல்லன் பிள்ளை."

"ஏலாது அன்ரி," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவனும் திரும்பினான்.

"நான் தெரியாமப் பிடிக்கேல்ல. அக்காட வீட்டில நிலை வைக்கேக்க நான் நிண்டனான். இதை ஆர் பிடிக்கிறது எண்டு எனக்குக் கை வைச்ச உடனயே தெரியும். இவர் உங்கட ஆள் இல்லை எண்டும் தெரியும். இவர் கேட்டவர், என்ன நடக்குது எண்டு. நான்தான் பேசாமப் பிடியுங்கோ எண்டனான்." அதோடு அவள் நிறுத்தவில்லை. "அப்பாட்டப் பொய் சொல்லிப்போட்டன். கண்ட ஆள் எண்டு சொல்லிப்போட்டன். அண்டையில இருந்து எனக்கு ஒண்டுமே விளங்கேல்ல அன்ரி. இது மட்டும்தான் விளங்குது. தெரிஞ்சுதான் பிடிச்சனான். விடுறதுக்கு மனம் இல்லை."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. கண்கள் நிறைந்துவிட்டன. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிலம் பிளக்கவில்லை. சீமெந்து புதிது.

சிவபாக்கியம் அன்ரி திகைத்துப்போய் மறுபக்கம் திரும்பினார். "தம்பி… நீயாவது சொல்லு. நீ தெரியாமத்தானே பிடிச்சனீ?"

பிரசாந்தி நிமிர்ந்து பார்த்தாள். றெக்சனுடைய காது சிவந்திருந்தது.

"இந்தச் சடங்கு எனக்குத் தெரியாது அன்ரி. எங்கட வீடுகளில சுவாமி வந்து செபம் சொல்லித் தண்ணி தெளிப்பார், அவ்வளவுதான்," என்றான். "ஆனா எனக்கும் சொல்ல ஏலாது." பிறகு மேசனைப் பார்த்தான். "நானா, அண்டைக்கு உங்கட தூக்குக்குண்டு முதல் தரத்திலயே நிண்டிட்டுது."

"என்ன கதைக்கிறீங்க? ஆறு தரம் உட்டனே," என்றார் மேசன்.

"காத்தில்ல. நான். நீங்க குனியிற நேரம் பாத்துப் பெருவிரலால ஒரு நூல், ஒரு நூலாத் தள்ளிவிட்டனான்."

"அடப் பாவி. ஏன்?"

அவன் இப்போது மேசனைப் பார்க்கவில்லை. நிலைச்சட்டத்துக்கு நடுவால், ஒரு கைநீளத்துக்கு அப்பால், அவளைப் பார்த்தான். அந்தக் குறும்பு திரும்பி வந்திருந்தது. அதற்குக் கீழே பயமும் இருந்தது. இவ்வளவு நாளும் அந்தப் பயத்தைத்தான் 'மிஸ்' என்ற சொல்லால் மூடி வைத்திருந்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

"நிண்டா, ஆப்பு அடிச்சிடுவீங்க," என்றான் மெல்ல. "அடிச்சா இவ கையை எடுத்திட்டுப் போயிடுவா. போகக்கூடாது எண்டுதான்."

முதலில் சிரித்தது கீர்த்தனி. அலவாங்கை எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வைக்கும்படி கணவனிடம் சொன்னாள். சாமியறைக்கு இன்னும் நிலை வைக்கவில்லைத்தானே மாமி, அதை நாங்கள் பிடிக்கிறோம், அதுதானே பெரிய நிலை என்றாள். விதுசன் தகப்பனுக்கு ஃபோன் எடுத்து, அவை தெருவால போன ஆக்கள் இல்லையாம் அப்பா, சோடிதானாம் என்றான். பிறகு, சாமியறை நிலைக்கு எத்தனை மணிக்கு நேரம் என்று மட்டும் வெருகலிலிருந்து கேள்வி வந்தது. தான் வந்து சேர இரண்டரை மணித்தியாலம் எடுக்கும் என்றும் வந்தது. சிவபாக்கியம் அன்ரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆக்கள் முதலில் கலியாணம் கட்டி, பிறகுதான் நிலை பிடிப்பார்கள், இதுகள் வரிசையை மாத்திப்போட்டுதுகள், அவ்வளவுதானே என்று தனக்குத் தானே கணக்குத் தீர்த்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

பிரசாந்தியின் கைப்பேசி மேசையில் அதிர்ந்தது. அப்பா. தேனுகா இன்றைக்கும் நேரடியாகப் பார்த்து ஊருக்கே அனுப்பிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"எடுக்கப்போறியளோ?" என்று கேட்டான் றெக்சன்.

"ஓம். இந்தமுறை உண்மையைச் சொல்லப்போறன். கத்துவார்."

"நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் எண்டதையும் சொல்லிவிடுங்கோ. ஒரேயடியாக் கத்தி முடிக்கட்டும்."

அவள் சிரித்தாள். இந்தமுறை அடக்கவில்லை. அடக்க அவன் இனி முன்பின் தெரியாதவன் இல்லையே.

"எடுத்து முடியுமட்டும் நீங்கள் போயிடாதேங்கோ."

"கையை எடுக்காம எப்பிடிப் போறது?" என்றான்.

அப்போதுதான் பார்த்தாள். மேசன் சீமெந்து குழைக்கப் போய்விட்டார், மற்றவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். வெயில் படியில் விழுந்து கிடந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பே அசையாமல் நின்றுவிட்ட அந்த நிலையை, இன்னும் விழுந்துவிடப்போகிறது என்பதுபோல, அவர்கள் இருவரும் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.